தாங்கிய மரமா, தப்பிய மரமா

போன தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊர் ஒடுகத்தூருக்குப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். தெருவில் 9 வேப்பமரங்கள். இரண்டு மரங்கள் தாத்தா காலத்தவை, மற்றவை தானாக முளைத்தவை. அதில் எட்டு மரங்களின் நுனிக் கொம்புகள் எல்லாம் யாரோ தீவட்டி காட்டியது போலப் பழுப்பாகக் கருகி நின்றன. வேம்பு காய்வதை நீங்களும் உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். மழை நாளில் தொடங்கி, தையில் மோசமாகி, வெயில் ஏறியதும் கொஞ்சம் துளிர்க்கிறது. கொசு நாவாய்ப்பூச்சி குத்திய இளந்தளிரில் பூஞ்சணமும் சேர்ந்துகொள்ள, கொம்பு நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்கிறது. நான் நின்று பார்த்தது காயாத ஒன்பதாவது மரத்தை. மாரியம்மன் கோயிலை ஒட்டி, மற்ற மரங்களுக்கு நடுவிலேயே, முழுப் பச்சையாக நின்றது.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மன் தன் மரத்தைக் காப்பாற்றிக்கொண்டாள் என்றார் பெரியம்மா. குழாயடித் தண்ணீர் அந்த வேருக்குத்தான் போகிறது என்றார் டீக்கடைக்காரர். நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அந்த மரத்தைப் பார்த்ததும் வேறொரு மரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. 2007இல் நாங்கள் வேரோடு தோண்டி விற்ற சந்தன மரம். அதை விற்கச் சொன்னவன் நான்தான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, எழுதாமலே விட்டிருந்தேன்.

கொல்லை வேலியில் 11 சந்தனம்

எங்கள் பக்கம் சந்தனத்தை நட்டு வளர்க்கிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. கொண்டைக்குருவியும் குயிலும் மலையில் பழத்தைத் தின்றுவிட்டு வந்து வேலியில் உட்காரும். எச்சத்தில் விழுந்த விதை முளைக்கும். பக்கத்தில் இருக்கிற புங்கன் வேரையோ, புளிய வேரையோ தன் உறிஞ்சுவேரால் பிடித்துக்கொண்டு வளரும். சந்தனத்தின் இலை பச்சைதான், வெயிலில் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீருக்கும் உப்புச் சத்துக்கும் அடுத்த மரத்தின் கையைப் பிடித்தாக வேண்டும். அப்படி எங்கள் மேட்டுக் கொல்லையின் வேலியில் 11 மரங்கள் வந்திருந்தன. தமிழ்நாட்டில் 2002இல் சட்டத்தைத் திருத்தும் வரை பட்டா நிலத்தில் நின்றாலும் சந்தன மரம் நிலத்துக்காரனுக்குச் சொந்தமில்லை. அதனால் நைனா, என் அப்பா, அவற்றை ஒரு சொத்தாக நினைத்ததே இல்லை. சட்டம் மாறிய பிறகுதான் வீட்டில் அந்த மரங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. யாரும் கேட்காமலே வைரம் பாய்ந்துகொண்டிருந்த மரங்கள்.

2005இல் முதல் மரத்தில் இலை சிறுத்தது. சந்தன இலை சாதாரணமாக வழவழவென்று, சற்றே தொங்கினாற்போல் இருக்கும். இந்த மரத்தில் புது இலைகள் சுண்டு விரல் நகம் அளவுக்குச் சுருங்கி, வெளிறி, கொம்பைச் சுற்றி முள் மாதிரி விறைத்து நின்றன. பூவே வரவில்லை. நைனா பார்த்ததும், "கத்திரிக்கு வர்ற சிற்றிலை மாதிரியே இருக்குதே" என்றார். அவர் இலவம்பாடி முள்ளு கத்திரி போட்டவர். கத்திரியில் சிற்றிலை வந்த செடியை யோசிக்காமல் பிடுங்கி எறிந்து பழகியவர். அவர் கண்ணால் பார்த்துச் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டையும் உண்டாக்குவது ஒரே வகைக் கிருமி. ஃபைட்டோபிளாஸ்மா என்பார்கள். பாக்டீரியாவில் ஒரு வகைதான், ஆனால் செல்சுவர் இல்லாதது. இலைச்சாறு உறிஞ்சுகிற தத்துப்பூச்சிகள் மூலம் மரத்துக்கு மரம் போகிறது. சந்தனத்தில் இதற்கு ஸ்பைக் நோய் என்று பெயர்.

இதன் பழைய கதையைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதலில் 1899இல் குடகில் பார்த்திருக்கிறார்கள். 1903க்கும் 1916க்கும் இடையில் குடகு, மைசூர்ப் பக்கம் 10 லட்சத்துக்கு மேற்பட்ட சந்தன மரங்களை அகற்றியிருக்கிறார்கள். மருந்து கண்டுபிடிப்பவருக்கு 10,000 ரூபாய் பரிசு என்று மைசூர் மகாராஜா 1907இல் அறிவித்தார். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை! சேலத்தில் மட்டும் 1917 முதல் 1925 வரை 98,734 மரங்கள் போயின. நோய் மரத்துக் கொம்பை நல்ல மரத்தில் ஒட்டுக் கட்டினால் நல்ல மரத்துக்கும் நோய் வரும் என்று மைசூர் வேளாண் இயக்குநர் லெஸ்லி கோல்மன் 1917இல் காட்டினார். அந்தக் கிருமியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்ததோ 1969இல். டெட்ராசைக்ளின் மருந்தை மரத்துக்குள் செலுத்தினால் சில மாதம் நல்ல இலை விடும், அப்புறம் பழையபடி திரும்பும். இன்றைக்கும் குணப்படுத்துகிற மருந்து என்று ஒன்று இல்லை.

எங்கள் வேலியில் இரண்டு வருஷத்தில் 7 மரங்கள் நின்றபடியே காய்ந்தன. இன்னும் மூன்றில் இலை சிறுத்துவிட்டது. கோடியில், புங்கனை ஒட்டி நின்ற ஒரு மரம் மட்டும் எப்போதும் போல இலை விட்டது, வைக்கோல் நிறத்தில் பூத்துப் பிறகு அடர்சிவப்பாக மாறியது, கருநீலமாகப் பழுத்தது. அதில் குருவிகள் கத்திக்கொண்டே இருக்கும். அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நைனா, "இது மட்டும் ஏன்டா நிக்குது?" என்று கேட்பார். என்னைக் கேட்கிறாரா, தன்னையே கேட்டுக்கொள்கிறாரா என்று தெரியாது.

அந்த வருஷம் பக்கத்துக் கொல்லையில் ஒரே ராத்திரியில் இரண்டு சந்தனத்தை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் வட்டமாக அடிக்கட்டையும் தூளும்தான் கிடந்தன. தங்கச்சி கல்யாணம் வேறு கூடி வந்திருந்தது. நான் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் சொன்னேன்: "நைனா, இதுவும் நோவு வந்து செத்துப்போறதுக்குள்ள, இல்ல திருடன் வந்து அறுக்கறதுக்குள்ள, மனு போட்டு வெட்டிடலாம்." நைனா உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு மனு எழுதச் சொன்னார்.

சந்தனத்தை அறுத்து எடுப்பதில்லை. வேரில்தான் எண்ணெய் அதிகம் என்பதால் சுற்றிலும் தோண்டி வேரோடுதான் எடுப்பார்கள். அன்றைக்கு மதியம் வரை தோண்டினார்கள். பக்கவேர் ஒவ்வொன்றாக அறுபட அறுபட வாசனை ஏறிக்கொண்டே போனது. மண்ணிலிருந்தே மணந்தது. மரம் சாய்ந்ததும் அதிலிருந்த பழங்கள் தரையெல்லாம் சிதறின. ஆட்கள் அதன் மேல் நடந்துகொண்டே கட்டைகளைத் தூக்கினார்கள். நான் பணக்கணக்கை நினைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பழத்தைக்கூடக் குனிந்து பொறுக்கவில்லை.

திண்ணையில் ஒரு கேள்வி

அண்ணன் மகள் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் மேல்படிப்பு படிக்கிறாள். மர இன விருத்திதான் அவள் பாடம். இந்தப் பொங்கலுக்கு அவளும் வந்திருந்தாள். தெரு வேம்பைச் சுற்றி வந்து, காய்ந்த கொம்பு ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கோயில் மரத்தைக் காட்டி, "அதுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கும்மா" என்றேன்.

"இருக்கலாம் சித்தப்பா. ஆனா அது தாங்கின மரமா, தப்பிச்ச மரமா?"

இந்த ஒரு கேள்வியில்தான் நான் உட்கார்ந்துவிட்டேன். நோய் வந்தும் நின்ற மரம் தாங்கிய மரம். நோயே வந்து சேராத மரம் தப்பிய மரம். பூச்சி அன்றைக்கு அந்தப் பக்கம் வராமல் இருந்திருக்கலாம். கிருமி வருகிற நேரத்தில் அதன் தளிர் முற்றியிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே பச்சைதான். தாங்கிய மரத்தின் பிள்ளைகளுக்கு அந்தச் சக்தி கொஞ்சமாவது போகும். தப்பிய மரத்தின் பிள்ளைகளுக்கு எதுவும் போகாது, அதிர்ஷ்டம் விதையில் ஏறாது. எது எது என்று தெரிய ஒரே வழி, வேண்டுமென்றே நோயைக் கொடுத்துப் பார்ப்பது. வேம்பு என்றால் அதன் விதையை முளைக்க வைத்து, கன்றுகள் மேல் பூஞ்சண வித்துகளைத் தெளித்து, எத்தனை காய்கிறது என்று எண்ண வேண்டும். சந்தனம் என்றால் நோய்க் கொம்பை ஒட்டுக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அவள் சந்தனம் என்று சொன்னதும் நான் எங்கள் பதினோராவது மரத்தின் கதையைச் சொன்னேன். பத்து மரமும் போனது, ஒன்று மட்டும் நின்றது, அதை நாங்கள் எடுத்துவிட்டது. அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. "ஒரு வருஷப் பழத்தையாவது எடுத்து வெச்சிருந்தா…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டாள். அது தாங்கிய மரமா, தப்பிய மரமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தப்பிய மரம்தான் என்று தெரிந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும். கேட்டுப் பார்ப்பதற்கே மரம் இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

ரைஸ்மில்லுக்கு அடுத்த வீடு

நோயைத் தாங்கும் கன்றை டிஎன்ஏவைப் பார்த்தே தேர்ந்தெடுக்க மார்க்கர் என்று ஒரு அடையாளம் உண்டாம். அது என்ன என்று அன்றைக்கு ராத்திரி அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் பாஷையில் சொல்கிறேன். தெரியாத ஊரில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறோம். கதவு எண் தெரியாது. "ரைஸ்மில்லுக்கு அடுத்த வீடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ரைஸ்மில் நாம் தேடும் வீடு இல்லை, ஆனால் தூரத்திலிருந்தே தெரியும். மார்க்கர் அந்த ரைஸ்மில். நோயைத் தாங்குகிற மரபணு எது என்றே தெரியாமல் இருக்கலாம். அதன் பக்கத்தில் டிஎன்ஏ எழுத்தில் ஒரு சின்ன வித்தியாசம் தெரிந்தால் போதும், அதைப் பார்த்துக் கன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது டிஎன்ஏ துண்டுகள் இடம் மாறிக் கலக்கும். மில்லும் வீடும் தள்ளித் தள்ளி இருந்தால் பிரிந்துவிடும், ஒட்டி இருந்தால் சேர்ந்தே போகும். அதனால் எவ்வளவு நெருங்கிய அடையாளம் கிடைக்கிறதோ அவ்வளவு நம்பலாம்.

நெல்லில் இது நடந்து முடிந்த கதை. எங்கள் பக்கம் எல்லோரும் போட்ட பி.பி.டி. 5204 என்ற சம்பா மசூரி நெல்லுக்கு பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் தாங்காது. ஹைதராபாத்தில் மார்க்கர் பார்த்து மூன்று எதிர்ப்பு மரபணுக்களை அதற்குள் சேர்த்து, மேம்படுத்திய சம்பா மசூரி என்று 2008இல் வெளியிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்று ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. அதை யாரும் சோறாக்கிச் சாப்பிட மாட்டார்கள். ஆனால் யாரோ ஒருவர் அதைக் களை என்று எறியாமல் விதையாக எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு மார்க்கரைவிட அந்த எடுத்து வைத்த கை பெரிதாகத் தெரிகிறது.

மரத்தில் ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், முதல் காரணம் காலம். நெல் நாலு மாதத்தில் தன் குணத்தைக் காட்டிவிடும். மரம் பூக்கவே பல வருஷம், ஒரு நோயைத் தாங்குகிறதா என்று தெரிய இன்னும் பல வருஷம். தாத்தா தொடங்கிய ஆராய்ச்சியைப் பேத்தி முடிக்க வேண்டும். இங்கேதான் மார்க்கர் கைகொடுக்கிறது. முளைவிட்ட கன்றின் ஒரு இலைத் துண்டைப் பார்த்தே எதை நட்டு வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யலாம், பத்து வருஷம் மிச்சம். அமெரிக்காவின் லாப்லாலி பைன் மரத்தில் துரு நோயைத் தாங்குகிற ஒரு மரபணுவுக்குப் பக்கத்து அடையாளத்தை 1996லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இரண்டாவது காரணத்தைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடையாளத்தைக் கண்டுபிடிக்க நின்ற மரம் மட்டும் போதாது, விழுந்த மரமும் வேண்டும். நின்றவற்றில் அடிக்கடி வந்து, விழுந்தவற்றில் அரிதாக வருகிற எழுத்து எது என்று ஒப்பிட்டுத்தான் ரைஸ்மில்லைக் கண்டுபிடிக்கிறார்கள். பிரிட்டனில் ஆஷ் என்ற மரத்துக்கு நுனிக்கருகல் வந்து காடு காடாகச் செத்தது. அங்கே 1,250 மரங்களிலிருந்து, நோயில் வாடியவை ஒரு பக்கம், நன்றாக இருந்தவை ஒரு பக்கம் என்று டிஎன்ஏவைத் தொகுத்துப் படித்து 2019இல் வெளியிட்டார்கள். அதில் எதிர்ப்போடு தொடர்புள்ள இடங்கள் 3,149 கிடைத்தன. ஒரு பெரிய வீடு என்று எதுவும் இல்லை, ஊர் முழுக்கச் சின்னச் சின்ன வீடுகள். அப்படியிருந்தால் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட்டு, இந்தக் கன்று எவ்வளவு தாங்கும் என்று மதிப்பிடுவார்கள்.

எங்கள் வேலியில் அன்றைக்கு இரண்டு பக்கமும் இருந்தன. இலை சிறுத்த மூன்றும், நின்ற ஒன்றும். நோய் மரத்தைப் பரவாமல் இருக்கப் பிடுங்கினோம், நல்ல மரத்தைப் போய்விடுமோ என்ற பயத்தில் பிடுங்கினோம். நூறு வருஷமாகச் சந்தனக் காடுகளில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நோய் கண்டதை அப்புறப்படுத்தினார்கள், வைரம் பாய்ந்து நின்றதைத் திருடன் கொண்டுபோனான். வேம்பின் மரபணு வரிசை 2012லும் சந்தனத்தின் மரபணு வரிசை 2018லும் வெளிவந்துவிட்டன. புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. எந்த மரத்தின் கதையைப் படிப்பது என்று கேட்டால்தான் நம்மிடம் பதில் குறைவாக இருக்கிறது.

வருமுன் காசாக்கியவர்கள்

அமெரிக்கக் காடுகளில் செஸ்ட்நட் என்று ஒரு மரம் இருந்தது. 1904இல் நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் அதன் பட்டையில் ஒரு புண்ணைப் பார்த்தார்கள். ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சணம். அரை நூற்றாண்டுக்குள் சுமார் 400 கோடி மரங்கள் போயின என்று கணக்கிடுகிறார்கள். இதில் எனக்கு ஒட்டிக்கொண்ட விஷயம் வேறு. நோய் நெருங்குகிறது என்று தெரிந்ததும், மரம் செத்து வீணாவதற்குள் வெட்டிக் காசாக்கிவிடுங்கள் என்று சொல்லப்பட்டு, இன்னும் நோயே வராத மரங்களையும் மக்கள் வெட்டினார்கள். அவற்றில் தாங்கக்கூடிய மரங்கள் சில இருந்திருக்கலாம் என்று இன்றைக்கு வருத்தப்படுகிறார்கள். நான் ராணிப்பேட்டையிலிருந்து வந்து நைனாவிடம் சொன்ன அதே வாக்கியம், கடல் தாண்டி, எனக்கு நூறு வருஷம் முன்னால். அப்புறம் 1983 முதல் சீனச் செஸ்ட்நட்டோடு கலப்பு செய்து எதிர்ப்பைக் கொண்டுவர உழைக்கிறார்கள். இரண்டு மூன்று மரபணுக்கள்தான் இருக்கும் என்று நம்பித் தொடங்கினார்கள். மார்க்கர் வைத்துப் பார்த்தபோது எதிர்ப்பு பல இடங்களில் சிதறிக் கிடப்பது தெரிந்தது. வேலை இன்னும் நடக்கிறது.

இதைப் படிக்கிற யாராவது, நின்ற மரத்தைப் பதியம் போட்டு ஊரெல்லாம் அதையே நட்டால் என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அண்ணன் மகள் சுகர் பைன் கதையைச் சொன்னாள். ஒரே ஒரு மரபணு, அந்த மரத்துக்குத் துரு நோயிலிருந்து முழுப் பாதுகாப்பு கொடுத்தது. 1970இல் கண்டுபிடித்தார்கள். சில வருஷத்திலேயே கலிஃபோர்னியாவில் நோய்ப் பூஞ்சணம் அந்த ஒரு பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மரம் நூறு வருஷம் நிற்கும், கிருமிக்கு அதற்குள் எத்தனையோ தலைமுறை. அதனால் ஒரு தாயை மட்டும் நம்பக் கூடாது, வெவ்வேறு காட்டில், வெவ்வேறு வேலியில் நின்ற பல மரங்கள் வேண்டும். சவுக்கில் கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் நல்ல மரங்களைத் தேடித் தேர்ந்து பதியன்களாக வெளியிட்டிருக்கிறது. சந்தனத்துக்கும் வேம்புக்கும் அந்தத் தேடல் நம் வேலியிலிருந்துதான் தொடங்க முடியும்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். நோய் புகுந்த இடத்தில் நிற்கிற மரத்துக்கு வெட்டு அனுமதி கொடுக்கிறபோது, அதற்கு முன்னால் அதன் பழமும் ஒரு கைப்பிடி இலையும் வேரிலிருந்து ஒரு துண்டும் எடுத்து வைக்கப்பட வேண்டும். அதற்கு ஒரு பருவம் காத்திருக்க வேண்டியிருந்தால், அந்தப் பருவத்துக்கு நிலத்துக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் கல்யாணம் இருந்தது. அந்தக் கல்யாணச் செலவில் ஒரு பங்கு கைக்கு வந்திருந்தால் நைனா சந்தோஷமாக ஒரு வருஷம் காத்திருப்பார், அதற்குள் பழம் எடுத்திருக்கலாம். தியாகம் செய் என்று ஒரு மானாவாரி விவசாயியிடம் சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொன்று, நின்ற சந்தனம் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டுப் பகிரங்கமாக வைத்தால் திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும். அதனால் இடம் ரகசியமாகவும் விதை பொதுவாகவும் இருக்க வேண்டும். எங்கள் கொல்லையின் அடையாளத்தை நானும் இங்கே சொல்லவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று

மறுநாள் நானும் அவளும் மேட்டுக் கொல்லைக்குப் போனோம். குழி தூர்ந்து உண்ணிச்செடி மண்டியிருந்தது. சந்தன வேர் அறுபட்ட இடத்திலிருந்து துளிர்க்கும் என்று அவள் சொன்னதால் முட்களை விலக்கி விலக்கித் தேடினோம். ஒன்றும் இல்லை. நாங்கள் அவ்வளவு சுத்தமாகத் தோண்டியிருந்தோம். திரும்பும் வழியில் அவள் புளியமரத்தடி வேலியில் நின்றுவிட்டாள். இடுப்பளவில் மூன்று சந்தனக் கன்றுகள், இரண்டு அடி இடைவெளிக்குள். இலையெல்லாம் சரியான அளவில். "குருவி போட்டது" என்றாள். எந்த மரத்துப் பழம் என்று யாருக்குத் தெரியும்? நோய் வந்தது பூப்பதே இல்லை. அதனால் நோய்க்குப் பிறகு இங்கே விழுந்த விதை வேலிக் கோடியில் நின்ற அந்த மரத்தின் வம்சமாக இருக்கலாம். மலையிலிருந்து வந்த விதையாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சாமி அறையிலிருந்து சந்தனக் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். கோடி மரத்தின் ஒரு கொம்புத் துண்டு, அம்மா நெற்றிக்கு அரைக்க வைத்துக்கொண்டது. ஒரு பக்கம் அரைத்து அரைத்துக் குழிந்திருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்கட்டையிலிருந்து டிஎன்ஏ எடுப்பது கஷ்டம், ஓரத்து வெள்ளைக் கட்டையில் கொஞ்சம் கிடைத்தாலும் கிடைக்கும், இத்தனை வருஷம் கழித்து உறுதியில்லை என்றாள். கிடைத்தால், அந்த மூன்று கன்றுகளும் இந்தக் கட்டையின் பிள்ளைகளா என்று மார்க்கர் சொல்லிவிடும். நோயைத் தாங்குமா என்பது அதற்கு அப்புறம், ஒட்டுக் கட்டிப் பார்க்க வேண்டிய விஷயம். அம்மாவிடம் கேட்டோம். "நைனா இருந்தா குடுத்திருப்பாரு" என்று சொல்லி, அம்மாவே அரிவாள்மனையில் ஓரத்தைச் சீவிக் கொடுத்தார். மூன்று கன்றுகளிலிருந்தும் இலை பறித்து, ஈரம் உறிஞ்சுகிற மணிகள் போட்ட உறைகளில் அவள் எடுத்துப் போனாள். இன்னும் பதில் வரவில்லை.

ஆனி கடைசியில் கோயில் வேம்பு பழுத்தது. அண்ணன் மகள் போனில் சொல்லிக் கொடுத்தபடி செய்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் நூறு விதை, தனித்தனித் துணிப்பை, மரத்து எண்ணைப் பென்சிலால் எழுதிய அட்டை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வேப்ப விதை சில வாரத்தில் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால் சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி உடனே அனுப்ப வேண்டும். பூஞ்சணம் விதையோடும் பரவும், அதனால் ஒரு மரத்து விதையைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. கோயில் மரத்தடியில் கால் மணி நேரத்தில் நூறு விதை சேர்ந்துவிட்டது. கருகிய எட்டு மரங்களில்தான் பாடு. நோய் பூவைத் தின்றுவிட்டதால் மரத்துக்கு நாலு கொத்துகூட இல்லை. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் விடிகாலையில் எழுந்து, கோழி கொத்துவதற்குள் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நாலாவது மரத்தில் 61தான் தேறியது. அந்த எண்ணை அப்படியே அட்டையில் எழுதிப் பையைக் கட்டினேன்.